நடக்க இடமின்றி நலம் ஏது?

விருந்தினர்க்குத் தேநீர் கொடுக்குமுன் "சர்க்கரை போடலாமா?" என்று கேட்பது இன்று நம் இல்லங்களில் ஒரு மரபாகிவிட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் அவ்வாறு கேட்டிருந்தால், வந்தவர் அதனைக் கஞ்சத்தனமென்றே கொண்டிருப்பார். இன்றோ கேளாமல் போட்டுவிட்டால்தான் வருத்தம். ஒரு சிறு வினா ஒரு தலைமுறைக்குள் விருந்தோம்பலின் இலக்கணத்தையே மாற்றிவிட்டதெனின், அதன் பின்னே நிற்கும் நோயின் பரப்பை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்பரப்பினை அளந்தும் வைத்துள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் 2008 முதல் 2020 வரை மாநிலந்தோறும் வீடு வீடாகச் சென்று 1,13,043 பேரைச் சோதித்த பேராய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 லட்சம்; நீரிழிவின் வாயிலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் என்பது அதன் கணக்கு. வயிற்றுப் பருமன் உடையோர் நூற்றுக்கு 39.5 பேர். இத்தொகைகளை நாளிதழில் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். பெருந்தொகைகளுக்கு அப்படியொரு குணம் உண்டு. அவை யாரையோ குறிப்பன போலவே தோன்றும்.

தமிழ்த்துறை மலரில் மருத்துவச் செய்தி எதற்கு என்று சிலர் வினவலாம். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தை அவர்கட்கு நினைவூட்டுவோம். 'மருந்து' என்று தலைப்பிட்ட அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உணவைப் பற்றியதே: முன்னுண்டது செரித்த பின் உண்ணல், அளவறிந்து உண்ணல், பசி மிகுந்த பின் உண்ணல். ஆயின் நாம் வகுப்பில் பலமுறை பாடம் நடத்தியும் அண்மையில்தான் ஒன்றைக் கவனித்தோம். அவ்வதிகாரத்தில் உடற்பயிற்சி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வள்ளுவர் மறந்தார் என்று கருத இடமில்லை. உழுதும் இறைத்தும் குற்றியும் நடந்துமே வாழ்ந்த மக்களுக்கு 'தினமும் நடவுங்கள்' என்று சொல்ல வேண்டிய தேவை இருந்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது. அத்தேவை நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சென்ற ஆண்டு நம் கல்லூரி வளாகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. தமிழ்த்துறையினராகிய நமக்கு வரிசையை ஒழுங்குபடுத்தும் பணி கிட்டியது. ஆண்கள் வரிசை வாயில்வரை நீண்டிருந்தது. பெண்கள் பலர் வந்திருந்தனர். ஆனால் அவர்கள் வரிசையில் இல்லை. கணவருடைய பழைய சீட்டுகளையும் மருந்துப் பெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடி நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின், சென்ற முறை சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் கணவரைக் காட்டிலும் அவர்கட்கே நன்கு தெரிந்திருந்தது. ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மையாரிடம், "நீங்களும் பார்த்துக்கொள்ளலாமே, லாத்தா!" என்றோம். "எனக்கு என்ன தம்பி, நான் வீட்டிலேயேதானே இருக்கேன்? வெளியிலே அலையிறவங்களுக்குத்தான் இதெல்லாம்" என்றார் அவர். வற்புறுத்திய பின் அமர்ந்தார். விரல் நுனிக் குருதியில் கண்ட அளவைச் செவிலியர் இருமுறை சரிபார்த்தார். கணவரின் அளவைவிட அது மிகுதி. எத்தனை ஆண்டுகளாக அது அப்படி இருந்ததென்பதை இனி யாரும் அறிய முடியாது.

'வீட்டிலேயே இருப்பதால் நோயில்லை' என்ற அந்த நம்பிக்கையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உண்மை அதற்கு நேர்மாறானது.

உண்ட உணவு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், அதனை ஏற்றுக்கொள்ளுமாறு தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புத் திசுவுக்கும் ஆணையிடுகிறது. இவ்வாணைக்குக் கட்டுப்பட்டுச் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசை. தசை வேலையின்றிக் கிடந்து, வயிற்றினுள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு படியத் தொடங்கினால், ஆணை செவியேறுவதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கூவுகிறது; அதாவது கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. சில ஆண்டுகள் இது தாங்கும். பின்னர் கணையம் களைத்துவிடும். மருத்துவர் 'சர்க்கரை வந்துவிட்டது' என்று சொல்லும் நாள், உண்மையில் பல ஆண்டுக் கதையின் பிற்பகுதி. ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் 1988-இல் இதனை விளக்கினார். உயர் இரத்த அழுத்தம், குருதிக் கொழுப்பின் மாறுபாடு, சர்க்கரை மிகுதி ஆகியவை தனித்தனி நோய்கள்போலத் தோன்றினும் இன்சுலினுக்குச் செவிசாயாமை என்ற ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று அவர் காட்டியது அறிவுலகை ஈர்த்தது.

இவ்வேர் நம்மிடம் உள்ளதா என்று அறிய மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைப் பார்க்கின்றனர். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தொடுதல், டிரைகிளிசரைடு 150-ஐத் தொடுதல், இரத்த அழுத்தம் 130-க்கு 85 என்ற அளவை எட்டுதல் ஆகிய மூன்றும் இருபாலார்க்கும் பொது. மற்ற இரண்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவே வேறு. நன்மை செய்யும் எச்.டி.எல். கொழுப்பு ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் குறையலாகாது. இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆணுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 செண்டிமீட்டரையும் எட்டலாகாது. ஐந்தில் மூன்று பொருந்தினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டதென்று கொள்ள வேண்டும். இவற்றுள் இடுப்பை அளக்க மருத்துவரும் வேண்டா, ஊசியும் வேண்டா. தையற்காரர் நாடாவே போதும். நம் மாணவியர் பலர் வீட்டில் அந்நாடா உண்டு. உம்மாவின் இடுப்பை அளந்து பார்த்தவர் எவருமுண்டோ?

எடை குறைவாயிருப்பதாலேயே அமைதி கொள்வோரும் நம்மிடையே உளர். அவர்கட்கு ஒரு நிழற்படத்தின் கதையைச் சொல்லலாம். 2004-இல் 'லான்செட்' இதழில் புணே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; நம் நாட்டவர் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் கொண்ட நம் ஆசிரியப் பெருமக்கள் (நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்) இப்படத்தைத் தம் அறையில் மாட்டி வைக்கலாம்.

ஆண், பெண் வேறுபாட்டுக்கு வருவோம். ஆணுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றினுள் சேர்கிறது. ஆகவே அவன் பெண்ணைவிடக் குறைந்த பருமனிலேயே, சற்று முன்னதாகவே நோய்வாய்ப்படுகிறான். பெண்ணுக்கு மாதவிடாய்க் காலம் முடியும்வரை ஈஸ்ட்ரோஜன் ஒரு காவல். கொழுப்பு இடுப்பின் கீழும் தொடையிலும் தோலுக்கடியில் தங்குகிறது. அங்கே இருக்கும்வரை அது செய்யும் தீங்கு குறைவு. மாதவிடாய் நின்றபின் காவல் விலகுகிறது. கொழுப்பும் வயிற்றுக்குள் இடம் பெயர்கிறது. 'ஐம்பது வயதுவரை நன்றாகத்தான் இருந்தார்' என்று நாம் வியப்பதன் காரணம் இதுவே. காவல் விலகிய பெண்ணுக்கு நீரிழிவு வந்தாலோ, இதயத்துக்கு நேரும் கேடு ஆணைவிட மிகுதி. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, நீரிழிவு ஆணின் இதயநோய் வாய்ப்பை இரு மடங்குக்குச் சற்று மேல் உயர்த்துகிறது. பெண்ணின் வாய்ப்பையோ ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது.

பெண்ணுக்கு மட்டுமே வரும் முன்னறிவிப்பும் ஒன்றுண்டு. கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறிப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறங்கிவிடுவது அது. சென்னை மருத்துவர் வி. சேஷையா நெடுங்காலம் முயன்று, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரங்கழித்துப் பார்க்கும் எளிய சோதனையைப் பரப்பினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை வழக்கமாகியிருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஆயின் குழந்தை பிறந்தபின் நடப்பது என்ன? 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று நெய்யும் இனிப்பும் ஊட்டுகிறோம்; நாற்பது நாள் அசையவிடாமல் பார்த்துக்கொள்கிறோம்; சர்க்கரை வந்து போனதையே மறந்துவிடுகிறோம். அவ்வாறு வந்து போன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, வாராத பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009-இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகிறது. ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ளுமாறு அப்பெண்ணிடம் சொல்பவர் யார்?

இனித் தீர்வைப் பற்றி உலகம் அறிந்தது என்னவென்று காண்போம். 1986-இல் சீனத்தின் தாச்சிங் நகரில் 33 மருத்துவ நிலையங்களைச் சார்ந்த 577 பேரை, நீரிழிவின் வாயிலில் நின்றவர்களை, நான்கு கூறாக்கினர். ஆறு ஆண்டுகட்குப் பின் பார்த்தபோது, எவ்வறிவுரையும் பெறாதோருள் 67.7 விழுக்காட்டினர் நோயுற்றிருந்தனர். உணவைச் சீர்படுத்தியோருள் இது 43.8, உடற்பயிற்சி செய்தோருள் 41.1, இரண்டும் செய்தோருள் 46.0. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் 2001, 2002 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளில், உணவும் பயிற்சியும் நோய்வரவை 58 விழுக்காடு குறைத்தன. அமெரிக்க ஆய்வில் மெட்ஃபார்மின் என்னும் மாத்திரை குறைத்தது 31 விழுக்காடே. வாரத்துக்கு 150 நிமிட நடையும் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பும் மாத்திரையை வென்றன. அப்பயன் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளையர்க்குப் பொருந்தியது நமக்குப் பொருந்துமா என்ற ஐயத்துக்குச் சென்னையே விடை தந்தது. ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 531 பேர் கலந்துகொண்டனர். மூன்றாண்டுகளில், வழமைபோல் வாழ்ந்தவர்களுள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் சீராக்கியவர்களுள் 39.3 விழுக்காட்டினரே ஆளாயினர். அதனோடு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதற்பயன் கிட்டவில்லை. நம்மைப் போன்றோர்க்கு ஊக்கமூட்டும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. நடந்தவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. ஆயினும் நோய் குறைந்தது. எடைபார்க்கும் கருவியின் முள் அசையவில்லையே என்று இரண்டாம் வாரத்தில் நடையைக் கைவிடுவோர் இதனை மனத்திற் கொள்ளலாம்.

ஆயின் அந்த 531 பேருள் ஆண்கள் 421, பெண்கள் 110. பின்லாந்து ஆய்வில் 522 பேருள் 350 பேர் பெண்கள். அமெரிக்க ஆய்விலும் மூவரில் இருவர் பெண்கள். சென்னையிலோ ஐவரில் ஒருவர். 2013-இல் அதே குழுவினர் கைப்பேசிக் குறுஞ்செய்தி வாயிலாக நடையையும் உணவையும் நினைவூட்டி, நோய்வரவை 27 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைத்துக் காட்டினர். அரிய பணி, ஐயமில்லை. அதில் இருந்த 537 பேரும் பணிபுரியும் ஆண்களே. இதனை ஆய்வாளர்மீது குறையாக நாம் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருப்பவரை ஓர் அறிவிப்பால் அழைத்துவிடலாம். அடுக்களையில் இருப்பவரை அழைப்பது எவ்வாறு? நம் முகாமின் வேப்பமரத்தடியைக் கண்டபின் அந்த 421, 110 என்ற எண்கள் நமக்கு வேறு விதமாகவே தோன்றுகின்றன.

உணவில் நம் குற்றம் எங்கே உள்ளது? பிரியாணியில் என்று சொல்வது எளிது. வெளியார் அப்படித்தான் சொல்கின்றனர். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. நாள்தோறும் பிரியாணி உண்பவர் மிகச் சிலரே. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, மாலையில் பரோட்டாவோ தோசையோ என்று மூன்று வேளையும் தீட்டிய அரிசியிலும் மைதாவிலுமே நம் கலம் நிறைகிறது. சென்னை மக்களின் உணவை ஆராய்ந்தவர்கள், அவர்கள் பெறும் ஆற்றலில் பாதியளவு தீட்டிய தானியத்திலிருந்தே வருவதைக் கண்டனர். நம் உரையாடலிலோ எண்ணெய் கெடுதல், இறைச்சி கெடுதல், முட்டை கெடுதல் என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். சோறு மட்டும் சாட்சிகூடச் சொல்லாமல் வீடு திரும்பிவிடும்.

சோற்றைக் கைவிட்டோர் சப்பாத்திக்கு மாறுகின்றனர். நம் நண்பர் ஒருவர் இரவில் ஒரு பருக்கைச் சோறும் தொடுவதில்லை. ஐந்து சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்! கேழ்வரகைக் கூழாக நொய்ய அரைத்துக் காய்ச்சினால் அதுவும் விரைந்தே சர்க்கரையாகும். தானியத்தின் பெயரை மாற்றுவதால் பயன் சிறிது; அளவைக் குறைத்து அவ்விடத்தைக் காய்க்கும் பயற்றுக்கும் மீனுக்கும் முட்டைக்கும் கொடுப்பதால் பயன் பெரிது. நம் மேசையில் தாளிச்சா உண்டு. அதில் பருப்பும் கத்தரியும் உண்டு. அது ஒரு கரண்டியும் நெய்ச்சோறு ஒரு மலையுமாக இருக்கும் விகிதத்தைத்தான் மாற்ற வேண்டியுள்ளது. சஹனில் நால்வர் கூடி உண்ணும்போது தம் பங்கு எவ்வளவு என்று அறிய வழியில்லை என்பதும் உண்மை. அம்முறையின் அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் காய்கறிக்கும் அந்தச் சஹனில் ஓரிடம் கேட்பது தவறாகாது.

பெண்களின் உணவுமுறையில் தனியே ஒரு கேடு உள்ளது. அனைவரும் உண்டு முடித்தபின், நேரங்கடந்து, எஞ்சியதை உண்பது. அப்போது குழம்பில் மீன் இராது, பொரியலும் தீர்ந்திருக்கும், சோறு மட்டும் மிகுந்திருக்கும். கொட்ட மனமின்றி அதனை உண்பார்கள். சிக்கனம் எனப் போற்றப்படும் இவ்வழக்கம், புரதம் குறைந்து மாவு மிகுந்த உணவை ஒரு வாழ்நாள் முழுதும் பெண்ணுக்கு விதித்துவிடுகிறது. சத்தின்றிச் சோகை ஒருபுறம், இடுப்பில் கொழுப்பு மறுபுறம் என இரண்டும் ஒரே உடலில் தங்குவது இதனாலேயே. எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்டால் தீரக்கூடிய இதற்கு மருத்துவர் எழுதித்தரும் சீட்டு ஏதுமில்லை.

இனி உடற்பயிற்சி. 'வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?' என்பதே எல்லாப் பெண்களும் கேட்கும் கேள்வி; அவர்களுக்காக ஆண்களும் கேட்கும் கேள்வி. அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் போதியிருக்கலாம். இன்று அரைப்பது மிக்சி, ஆட்டுவது கிரைண்டர், துவைப்பது எந்திரம், நீர் ஏற்றுவது மோட்டார். அக்காலம் மீள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெண்களை அம்மிக்குத் திருப்பியனுப்ப விரும்பும் அன்பர்கள் ஒரு வாரம் தாமே அரைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இன்றைய வீட்டுவேலை உடலைக் களைக்கச் செய்கிறது. ஆனால் மூச்சை விரைவுபடுத்துவதில்லை. களைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியலாகாது என்பதே மருத்துவர் கூறும் எளிய அளவுகோல். அடுப்பங்கரையில் நின்று பாட முடியாதவர் யார்?

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலியக்கம் அற்றோர் எனக் கண்டனர். பெண்களின் நிலை ஆண்களினும் தாழ்ந்திருந்தது. பொழுதுபோக்காகவேனும் உடற்பயிற்சி செய்வோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் ஆணைக்குக் காத்திராமலேயே குருதியிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இதுவே பயிற்சியின் அருமை. ஆணை செவியேறாத உடலுக்கும் இக்கதவு திறந்தே உள்ளது. ஒருநாள் நடந்ததன் பயன் ஏறக்குறைய ஓரிரு நாள் நிற்கும். ஆகவேதான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது என்கின்றனர். உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, உணவால் ஏறும் சர்க்கரையை அடக்கும். உலக நல நிறுவனம் 2020-இல் கூறியபடி வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, தசையை வலுவாக்கும் பயிற்சியும் இருநாள் தேவை. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமர்வதும் அத்தகையதே. வயது ஏற ஏறக் கரையும் தசையைக் காப்பது பெண்ணுக்கு எலும்பையும் காப்பதாகும். பயிற்சி தொடங்கினால் ஆணின் வயிறு விரைவில் குறையக் காணலாம். பெண்ணின் இடுப்பு அவ்வளவு விரைவில் குறையாது. வெளியே தெரியாவிடினும் உள்ளே பயன் ஒன்றே.

ஆடவர்க்கு நடக்கச் சாலையுண்டு, திடலுண்டு, கடற்கரையுண்டு. (நடந்து முடித்ததும் தேநீர்க்கடையில் வடை தின்று கணக்கை நேர் செய்துகொள்வோரைப் பற்றி ஈண்டுப் பேசவில்லை.) நம் சமுதாயப் பெண்களுக்கு எங்கே இடம்? பெண் குழந்தை எட்டாம் வகுப்புவரை ஓடி விளையாடுகிறாள். பருவமெய்தியதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. கல்லூரிக்கு வந்தால் ஓய்வறையில் ஒரு கேரம் பலகை. மணமான பின் அதுவும் இல்லை. இருபது வயதிலேயே சினைப்பைக் கட்டியும் ஒழுங்கற்ற மாதவிடாயும் உடைய மாணவியரை வகுப்பாசிரியர்கள் அறிவர். அவர்கட்கும் முதல் மருந்தாக மருத்துவர் சொல்வது உணவும் பயிற்சியுமே. சொல்லக் கேட்டு வெளியே வந்த அம்மாணவி எங்கே போய் நடப்பாள்? 'மொட்டை மாடியில் நட' என்பர். சில வீடுகளில் அது ஆகும். பக்கத்து வீட்டுச் சாளரங்கள் திறக்காத வீடுகளில் மட்டும்.

பெண்கள் சாலையில் நடப்பது பொருந்துமா என்று தயங்கும் பெரியோர்களோடு வழக்காட நாம் வரவில்லை. சாலை வேண்டா என்றால் வேறிடம் தருவது நம் கடமையாகிறது. இரண்டையும் மறுத்துவிட்டு, பிற்காலத்தில் டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரம் மும்முறை அவர்களை அழைத்துச் செல்வது மட்டும் பொருந்துமா? மணநாட்களில் மட்டும் விழித்துப் பிற நாட்களில் உறங்கும் திருமண மண்டபங்கள் நம் ஊர்களில் எத்தனை!

நோன்புக் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 13 நாடுகளில் நீரிழிவுடைய 12,243 முஸ்லிம்களிடம் 2001-இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடையோருள் 79 விழுக்காட்டினர் நோன்பு நோற்றது தெரிந்தது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்த நிகழ்வுகள் அவர்களிடம் அம்மாதத்தில் 7.5 மடங்கு பெருகின. நோயாளிக்குள்ள சலுகையை ஆலிம் பெருமக்கள் எடுத்துரைப்பர். அதில் நுழையும் தகுதி நமக்கில்லை. மருந்தின் அளவையும் வேளையையும் மாதம் பிறக்குமுன்பே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்வோம். நோன்பு திறந்தபின் கஞ்சியோடு வரும் சமோசாவும் சர்பத்தும், பகல் முழுதும் குறைத்ததை ஒரு மணி நேரத்தில் ஈடுகட்டிவிடுவதையும் நாமறிவோம்.

நம் கல்லூரித் திடல் 400 மீட்டர் ஓடுபாதையும் சுற்றுச்சுவரும் உடையது. அதனை வாரத்தில் மூன்று நாள் பெண்களுக்கென்று மட்டும் திறந்துவைக்க வேண்டுமென்று ஆட்சிக்குழுவுக்கு விண்ணப்பம் அளித்துள்ளோம். முதலில் காலை 6 மணி என்று எழுதியிருந்தோம். அலுவலகத்தில் பணிபுரியும் சகோதரி ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆறு மணிக்கு யார் சார் வருவாங்க? பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கட்டுறது யாரு?" என்றார். விண்ணப்பத்தைத் திருத்தினோம். மாலை 4.30 முதல் மஃக்ரிப் தொழுகைக்கு அரைமணி முன்புவரை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் உடனழைத்து வரலாம். அம்மூன்று நாளும் கால்பந்தாட்ட மாணவர் காலையில் பயில வேண்டியிருக்கும். அணித்தலைவர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு நாள் கழித்து வந்து, கல்லூரியில் படிக்காத பெண்களுக்கும், அதாவது மாணவர்களின் வீட்டாருக்கும், அனுமதி உண்டா என்று கேட்டுச் சென்றார். உண்டு என்று விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டோம்.

வாயிற்சாவியை உடற்கல்வித் துறைப் பேராசிரியை வைத்துக்கொள்ள இசைந்துள்ளார். மேற்குப் பக்கச் சுவரில் இடிந்த பகுதியை மூடுவதும், அங்கே ஒரு விளக்கு அமைப்பதுமே எஞ்சியுள்ளன. ஆட்சிக்குழு அடுத்த மாதம் கூடுகிறது.